அஞ்சு முள் வயர்

மட்டாஞ்சேரி கார்ப்பரேஷன் காலனியில் போய்க் காமாக்ஷி வீடு எது என்று கேட்டால், "சுக்குக் காமாக்ஷியா, பியானோ காமாக்ஷியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். பகலெல்லாம் பஜார் ரோட்டுக் கிடங்கில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பாள். திருவிழாக் காலம் வந்துவிட்டால் சாயங்காலம் குளித்து, பூ வைத்து, சிகாபுதீன் நடத்தும் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிக் குழுவின் வேனில் ஏறிப் போய் மேடையில் ஆர்மோனியம் வாசிப்பாள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலில் சுக்கு வாசனை போகாது. அவள் பக்கத்தில் நின்று பாடினால் தொண்டைக்கு நல்லது என்று பாடகர்கள் கேலி செய்வார்கள்.

அவளுடைய அப்பா முனிசிபாலிட்டி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்தவர். காமாக்ஷி இங்கேயே பிறந்தவள். மலையாளம் சரளமாக வாசிப்பாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சங்கீதம் யாரிடமும் படித்ததில்லை. மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியக்காரர் பல் வலியென்று வராத ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி சும்மா கிடக்கிறதே என்று கையை வைத்தாள். பாட்டு வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கணவன் ராக்கப்பன் கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவில் ஏணி பிடிக்கிறவன். மேலே ஏறி வேலை செய்கிறவன் வேறு ஆள். ஆனால் வருஷக்கணக்காகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில், கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்குத் தெரியாததில்லை என்று ராக்கப்பன் மனதார நம்பினான்.

தொண்ணூற்றேழில் குழுவின் வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் ஒருவர் பின் ஒருவராகக் கல்ஃபுக்குப் போய்விட்டார்கள். சிகாபுதீன் மிளகு தரகு செய்கிறவர், பாட்டுப் பைத்தியம், குழுவில் எல்லோருக்கும் 'இக்கா', அதாவது அண்ணன். இரண்டு மாதம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் ஒரு சரக்கு ஆட்டோவைக் காமாக்ஷி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே கால்கள் பூட்டிய ஒரு பெரிய டிஜிட்டல் பியானோ, அதன்மேல் துணி சுற்றிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.

பியானோவை உள்ளே வைக்கக் கட்டிலை வெளியே எடுக்கவேண்டி வந்தது. ராக்கப்பன் எதிர்ப்புச் சொல்லவில்லை. பின்பக்கத்து ஓட்டைகளைக் கண்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இஞ்ச பாரு காமாக்ஷி," என்றார் சிகாபுதீன். "இது நல்ல பியானோ. ஆனா பியானோச் சத்தம்தான் வரும். வயலின், புல்லாங்குழல், வீணை எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டிக்கு அமுக்கக் கட்டை கிடையாது. நீ இங்க அமுக்கினா அது அங்க பாடணும். ரெண்டையும் கனெக்ட் பண்ணிட்டா நீ ஒருத்தியே பத்துப் பேரு."

"எப்படிக் கனெக்ட் பண்றது இக்கா?"

"வயர் இருக்கு. ராக்கப்பன் இருக்கான். பள்ளுருத்தி உற்சவத்துக்கு இன்னும் நாள் கிடக்கு." செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெட்டியில கொட்டும் உண்டு. டிரம்ஸ் முழுக்க. அத சிஜுகிட்ட இப்ப பறைய வேண்டா."

சிஜு குழுவின் டிரம்ஸ்காரன். டயர் கடையில் வேலை. இரண்டு சந்து தள்ளி வீடு. காமாக்ஷியைச் சேச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு அடுக்களைவரை வருகிற பையன். அவனிடம் ஏன் சொல்லக்கூடாது என்று அவள் கேட்பதற்குள் சிகாபுதீன் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வயர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது. இரண்டு முனையிலும் வட்டமாக ஒரு மூக்கு, மூக்குக்குள் ஐந்து முள். அதைப் பார்த்ததும் ராக்கப்பன் சிரித்தான். "இது நம்ம பழைய டேப் டெக்கோட வயரு மாதிரிதான். அதுக்கும் அஞ்சு முள்ளு. பாட்டு இதுவழியா வரும், அவ்வளவுதான்."

பியானோவின் முதுகில் அந்த மூக்கு நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டை. ஒன்றில் இன், மற்றதில் அவுட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பெட்டியின் முதுகிலோ மூன்று. இன், அவுட், மூன்றாவதாக என்னவோ ஒன்று. காமாக்ஷி எழுத்துக் கூட்டி "த்ரு" என்று படித்தாள். அப்படி ஒரு வார்த்தையை இருவரும் கேட்டதில்லை. ஆகவே அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

"இன்-ல இருந்து இன்-னுக்குப் போடுங்க," என்றாள் காமாக்ஷி. "பேரு ஒத்துப்போகணும்ல?"

பியானோ சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ராக்கப்பன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முன்பக்கமிருந்து பியானோமேல் குனிந்து, கையைப் பின்னால் விட்டுத் துழாவிச் செருகினான். "அமுக்கு."

அமுக்கினாள். பியானோதான் பாடியது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்ததே தவிர மூச்சு இல்லை.

"அப்ப அவுட்டுக்கு அவுட்டு."

அதற்கும் இல்லை.

"இங்க பாரு," என்றான் ராக்கப்பன், டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "அவுட்டுன்னா வெளிய போறது. பியானோவில இருந்து வெளிய போறது பெட்டிக்கு உள்ள வரணும். அவுட்ல இருந்து இன்-னு."

"பெட்டிக்கு உள்ள வர்றதுன்னா, பியானோவுக்கு அது உள்ளயா வெளியவா?"

ராக்கப்பன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவனுக்கும் குழம்பிவிட்டது. எதற்கும் போட்டுப் பார்க்கலாம் என்று அவுட்டிலிருந்து இன்னுக்குப் போட்டான். பெட்டி அப்போதும் ஊமையாகவே இருந்தது. சரியாகப் போட்டதும் தப்பாகப் போட்டதும் ஒரே மாதிரி மௌனமாக இருந்தால் மனிதன் எதை வைத்து முடிவு செய்வான்? அந்த வாரம் முழுக்க அவர்கள் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே இருந்தார்கள். பெட்டி கெட்டுப்போனது என்று ராக்கப்பன் தீர்ப்புச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சிகாபுதீன் வந்து, கூட வந்த விளக்கப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுத் தாமே நம்பாதவர் போல மறுபடி படித்தார்.

"இந்த வயர்ல சத்தம் போகாதாம். மெசேஜ்தான் போகுமாம்."

"மெசேஜ்னா?"

"செய்தி."

"என்ன செய்தி?" என்றாள் காமாக்ஷி.

அவர் பக்கத்தைப் புரட்டினார். "நீ எந்தக் கட்டையை அமுக்கினே, எவ்வளவு பலமா அமுக்கினே, எப்ப கையை எடுத்தே. அந்தச் செய்தி பெட்டிக்குப் போகும். அதக் கேட்டுப் பெட்டி தன் சத்தத்தைப் போடும்."

"பெட்டி போடற சத்தம் எங்க?" என்றான் ராக்கப்பன்.

"பெட்டிக்குள்ள."

"உள்ளயே இருந்தா நமக்கு எப்படிக் கேக்கும்?"

"அதுக்கு வேற வயர் வேணும். பெட்டியில இருந்து ஸ்பீக்கருக்கு."

 ராக்கப்பன் எழுந்து போய் ஸ்பீக்கரோடு இருந்த வீட்டு டெக்கைத் தூக்கிவந்து ஜன்னலுக்குக் கீழே வைத்தான். சிகாபுதீன் பையில் கிடந்த வேறொரு வயரைப் பெட்டியிலிருந்து டெக்குக்கு இழுத்தார். காமாக்ஷி ஒரு கட்டையை அமுக்கினாள். ஜன்னலுக்குக் கீழேயிருந்து வயலின் எழுந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். வயலின் நின்றது. மறுபடி வைத்தாள். அமுக்குவது இங்கே, அழுவது அங்கே. ஒவ்வொரு சுரத்துக்கும் அவள் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது, அங்கே யாரோ உட்கார்ந்து வாசிப்பது போல. கல்ஃபுக்குப் போன வயலின்காரரின் ஞாபகம் வந்து கண் கலங்கியது. "கொள்ளாம்!" என்று கையைத் தட்டினார் சிகாபுதீன். ராக்கப்பன் தானே கண்டுபிடித்தது போலச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

தொந்தரவு மறுநாள் தொடங்கியது. இரவில் கட்டிலை உள்ளே போட இடம் வேண்டுமென்பதால் வயரைக் கழற்றி, டெக்கையும் பெட்டியையும் அலமாரியில் ஏற்றி, சாயங்காலம் மறுபடி மாட்டுவார்கள். ஒருநாள் வயலின் மட்டும் கேட்டது. பியானோ சொந்தக் குரலை இழந்து பிணமாகக் கிடந்தது. அடுத்த நாள் இரண்டும் பேசின. அதற்கடுத்த நாள் ஒரு கட்டையை அமுக்கினால் 'டக்' என்றது, அடுத்த கட்டை 'கிர்ர்' என்றது. காமாக்ஷி பயந்து சுவிட்சை அணைத்தாள். திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல வயலின் பாடியது.

பியானோவையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி எர்ணாகுளம் பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பியானோவைக் கடை நடுவில் திருப்பி வைத்து, பின்னால் நின்று வயரைச் செருகினார். அரை மணி நேரம் ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்தால் மறுபடி ஊமை. இரண்டாம் முறை தூக்கிப் போனபோது கடைக்காரர் சாயா குடித்துக்கொண்டே சொன்னார்:

"சேச்சி, இதினு ஒரு கொழப்பமும் இல்லா."

மலையாளத்தில் கொழப்பம் என்றால் பழுது. காமாக்ஷிக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. பியானோவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. எல்லாம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பாலம் தாண்டும்வரை ஆட்டோவில் வயரின் முள்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

போதாததற்கு சிஜு வேறு. டயர் கடை அடைத்ததும் நேரே வந்துவிடுவான். "எந்தா சேச்சி, புது மெஷினு பாடுதா?" அவன் குரல் சந்தில் கேட்டதுமே காமாக்ஷி கொடியில் கிடக்கும் துண்டை இழுத்துக் கறுப்புப் பெட்டிமேல் போட்டு மூடுவாள். அதற்குள் டிரம்ஸ் இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதுதான். இருந்தும் மூடுவாள். அவனுக்குச் சாயா கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்னால் சிகாபுதீனுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் இவனுக்கு. பெட்டி அடிக்கடி முரண்டு பிடிப்பதே இந்த மறைப்பினால்தானோ என்றுகூட ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டாள்.

பள்ளுருத்தி உற்சவம் வந்தது. கோயில் மைதானத்தில் மேடை, அஸ்தமித்ததும் கானமேளா. மத்தியானமே போய் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார்கள். பெட்டியின் சத்தத்தை மைக்செட்காரரின் பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தார்கள். பியானோவின் சொந்தச் சத்தம் அதன் வயிற்றடியில் உள்ள சின்ன ஸ்பீக்கரில் மட்டும்தான், பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். மைதானம் முழுக்க வயலின் ஒலித்தது. தேங்காய் உடைக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சிகாபுதீன் மேடைக்குக் கீழே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆரம்பிக்கச் சற்று முன்னால் கமிட்டிக்காரர்கள் வந்து, குத்துவிளக்கு வைக்க வேண்டும், பியானோவைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றார்கள். நகர்த்தியதில் அஞ்சு முள் வயர் கழன்றுவிட்டது. ராக்கப்பன் ஓடிவந்து டார்ச்சைக் கவ்விக்கொண்டு பியானோமேல் குனிந்தான். சரியாகப் பொருந்தியதா என்று காமாக்ஷி சில கட்டைகளை அமுக்கிப் பார்த்தாள். பெரிய ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை; மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அதற்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது.

முதல் பாட்டு அம்மன் துதி. தொடக்கத்தில் வயலின் மட்டும் தனியாக, மெதுவாக எழ வேண்டும். பாடகி கண்ணை மூடிக் கை கூப்பினாள். காமாக்ஷி மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டு முதல் சுரத்தை அமுக்கினாள்.

'டொக்' என்றது ஸ்பீக்கர்.

அடுத்த சுரம் 'டும்'. அதற்கடுத்தது சோழி குலுக்கினது போல 'சிக்சிக்'. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டும் முன்பே பழகின விரல்கள் மேல் சுரத்துக்குப் போய்விட்டன. அங்கே மைதானம் அதிர ஒரு விசில் அடித்தது. போலீஸ்காரர் ஊதுகிற விசில்.

 பிறகு பின் வரிசையில் இருந்த இளவட்டங்கள் பதிலுக்கு விசிலடித்தார்கள். மைதானமே சிரித்தது. பாடகி கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் சிஜுவைத்தான் பார்த்தார்கள், கொட்டுச் சத்தம் வந்ததால். அவன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, நான் இல்லை என்று காட்டினான்.

காமாக்ஷி கட்டைகளிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.  அப்போது சிஜு குச்சியை எடுத்தான். சிரிப்புச் சத்தத்துக்கு மேலே ஒரு முழக்கம் கொடுத்தான். பம்பை அடிக்கிற மாதிரி, சாமி வரவழைக்கிற மாதிரி. சிரித்தவர்கள் அடங்கினார்கள். வாசித்துக்கொண்டே காமாக்ஷியைப் பார்த்து, மேடை ஓரத்தில் கிடந்த பழைய ஆர்மோனியத்தை மோவாயால் காட்டினான். அவள் தரையில் உட்கார்ந்து அதை இழுத்துத் துருத்தியைத் திறந்தாள். பாட்டு தொடங்கியது. அன்றைக்கு முழுக் கச்சேரியும் ஆர்மோனியத்திலும் சிஜுவின் கையிலுமாக ஓடியது. பியானோ நடுமேடையில் விளக்கு வெளிச்சத்தில் சும்மா நின்றது.

முடிந்ததும் சிகாபுதீன் நேரே கமிட்டி அறைக்குப் போய்விட்டார். ராக்கப்பன் மிச்சமிருந்த வேறொரு வயரைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். சிஜு வந்து காமாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டே. வயலினுக்கு வாங்கின பெட்டியில டிரம்ஸ் எதுக்கு?"

இனிப் போடத் துண்டு இல்லை. "அதுல எல்லாம் இருக்காம் சிஜு," என்றாள். "உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இக்கா சொன்னாங்க. ஏன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

அவன் குச்சிகளைக் கீழே வைத்தான். கோபிப்பான், எழுந்து போவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் எழுந்து பியானோவுக்குத்தான் போனான். சுவிட்ச் இன்னும் அணைக்கப்படவில்லை. மைக்செட்காரரிடம் சத்தத்தைக் கொஞ்சம் வைக்கச் சொல்லி, ஒரு விரலால் கட்டைகளை ஒவ்வொன்றாக இடதுபக்கமாகத் தட்டிக்கொண்டே போனான். கொங்கா, சிம்பல், ஹைஹாட் என்று ஒவ்வொரு கொட்டாக வந்தது. ஒன்றில் நின்றான். திரும்பத் திரும்ப அதையே தட்டினான்.

"நல்ல ஸ்னேர் டிரம்," என்றான். "என்னோடதவிட நல்லா இருக்கு."

வருத்தமா, சந்தோஷமா என்று அவன் குரலை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். "நீங்க எப்பவும் மாட்டற மாதிரி மாட்டுங்க. நான் வெறுமனே இருந்து பாக்கறேன்," என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். இந்த முறை துண்டு போடவில்லை. ராக்கப்பன் சுவிட்சைப் போட்டான், டார்ச்சைக் கவ்வினான், முன்பக்கமிருந்து குனிந்தான். காமாக்ஷி வழக்கம்போல, "வந்துச்சா, வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே கட்டைகளை அமுக்கினாள்.

"அண்ணா, அனங்காதீங்க, அசையாதீங்க!" என்று கத்தினான் சிஜு.

ராக்கப்பன் வாயில் டார்ச்சோடு அப்படியே உறைந்தான்.

"உங்க இடது கை எங்க இருக்கு பாருங்க."

மூவரும் பார்த்தார்கள். பின்னால் துழாவும்போது விழுந்துவிடாமல் இருக்க ராக்கப்பன் இடது உள்ளங்கையைப் பியானோவின் நெற்றியில் ஊன்றியிருந்தான். கட்டைவிரல் அங்கேயிருந்த ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

சிஜு சிகாபுதீனையும் விளக்கப் புத்தகத்தையும் அழைத்துவந்தான். சிகாபுதீன் வாசற்படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கவேண்டியதாயிற்று. அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தொட்டால், அந்தக் கட்டை பாடாது. பியானோவின் குணத்தை மாற்றும். ஒரு கட்டை பியானோவின் சொந்தக் குரலை அடைத்துவிடும். வேறு பதினாறு கட்டைகள் இருந்தன. செய்தி எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை அவை மாற்றும். வழியும் பதினாறு. அதில் பத்தாவது வழியாகப் போகிற செய்தியெல்லாம் பெட்டிக்குக் கொட்டுதான். சுவிட்சை அணைத்தால் அத்தனையும் மறந்து பியானோ பழையபடி ஆகிவிடும்.

"அதான் கடைக்குப் போனா நல்லா இருந்துச்சு," என்றாள் காமாக்ஷி. ராக்கப்பன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏணியிலும் அவன் அப்படித்தான் அழுத்திப் பிடிப்பான். அது பிழைப்பு தந்த பழக்கம்.

சிகாபுதீன் புத்தகத்தை மூடினார். சிஜுவின் முகத்தைப் பார்க்காமல், "நேத்து நீ இல்லைன்னா மானம் போயிருக்கும்," என்றார்.  அடுத்த கச்சேரிக்கு வேன் வந்தபோது டிரம்ஸ் முன்னாலேயே ஏற்றப்பட்டிருந்தது. பெட்டியில் இருக்கும் கொட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேச்சே எடுக்கவில்லை. மனம் மாறியதா, வெட்கமா, இரண்டும் இல்லாமல் வெறும் மறதியா என்று காமாக்ஷிக்குப் பிடிபடவில்லை. கேட்டால் கெட்டுவிடுமோ என்று கேட்காமல் இருந்துவிட்டாள்.

அதிலிருந்து வயர் மாட்டுகிற நேரத்தில் அவள் யாரையும் பியானோவைத் தொட விடமாட்டாள். வயலின் வந்தது, வீணை வந்தது. சின்னக் கல்யாண வீடுகளில் டிரம்ஸ் வைக்க இடமில்லாதபோது சிஜு வேண்டுமென்றே அந்தப் பொத்தானை அமுக்கி, பத்தாவது வழியைத் திறந்துவிட்டு, கட்டைகளில் விரலால் கொட்டு வாசிப்பான். காமாக்ஷி கீழே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பாள். பியானோவிலிருந்து கொட்டும், டிரம்ஸ்காரன் கையில் பியானோவும்! கல்யாண வீட்டுக்காரர்கள் யார் எதை வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்குக் காமாக்ஷிக்கும் புரிந்திருக்கவில்லை.

சில வருஷங்களில் எல்லாம் ஒன்றாக உள்ளடங்கிய புது கீபோர்டு வந்தது. அதில் கனெக்ட் பண்ண ஒன்றுமில்லை. வாசிக்க இளம் பையன் ஒருவனையும் சிகாபுதீன் பிடித்துவிட்டார். கறுப்புப் பெட்டி யாருக்கோ போனது. கனத்த பியானோவை எடுக்க ஆளில்லாமல், "நீயே வச்சுக்கோ காமாக்ஷி," என்றுவிட்டார். ராக்கப்பன் கட்டிலை நிரந்தரமாக வெளியே விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கப் பழகிக்கொண்டான்.

சிஜுவுக்குக் கல்யாணமாயிற்று. பெண் மஞ்சுஷா எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இருவரும் ஆட்டோவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சுஷா கையில் ஒரு புது வயர். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறுமுனையில் அதே அஞ்சு முள், இரண்டு மூக்காக.

"ஆன்ட்டி, உங்க பாட்ட இதுல பிடிச்சு வைக்கலாம்," என்றாள்.

"சத்தத்தையா?"

"சத்தம் இல்ல. நீங்க என்ன செய்யறீங்களோ அது."

காமாக்ஷி அதற்கு மேல் கேட்கவில்லை. சிஜு பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் போய் இரண்டு மூக்கையும் செருகினான். அவள் உட்கார்ந்து, பஜனையில் வாசிக்கிற பழைய மாரியம்மன் பாட்டு ஒன்றை வாசித்தாள். திரையில் சின்னச் சின்னக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. மேலே ஏறின, கீழே இறங்கின. சுரம் எழுதிப் படிக்கத் தெரியாதவள் அவள். முடித்துவிட்டுத் திரையருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

"இதுல நான் வாசிச்சது எது?"

"எல்லாமே நீங்க வாசிச்சதுதான்."

நடுவில் ஒரு கோடு மட்டும் இடம் தவறி, துணையில்லாமல் நின்றது. மஞ்சுஷா அதை விரலால் காட்டி, "இங்க விரல் தடுக்குச்சு. வேணும்னா அழிச்சுடலாம்," என்றாள்.

"அதெப்படித் தெரிஞ்சுது இதுக்கு?" என்றாள் காமாக்ஷி. பிறகு, "இருக்கட்டும். அழிக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவர்களுக்குச் சாயா போட அடுக்களைக்குப் போனாள்.

அவள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது மஞ்சுஷா எதையோ தட்டினாள். பியானோ தானாக வாசிக்கத் தொடங்கியது. ஒரு கட்டையும் அசையவில்லை. அவள் இழுத்த இடத்தில் இழுத்தது, விரல் தடுக்கின இடத்தில் தடுக்கியது. காமாக்ஷி கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். தான் வாசிப்பதைத் தள்ளி நின்று கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து ராக்கப்பன் சந்துக்குள் வரும்போதே அது அவன் காதில் விழுந்தது. காமாக்ஷி வாசிக்கிறாள் என்று செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பியானோ முன்னால் யாரும் இல்லை. சிஜுவும் அவன் பெண்டாட்டியும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களை வாசலில் காமாக்ஷி.

"யாரு வாசிக்கிறது?" என்றான்.

அவள் பியானோவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள்.